ஆண்டறிக்கை 2024–25: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, மனச்சுமையை ஒருவர் சொல்லவும் மற்றவர்கள் கேட்கவும் கூடுகிற நம் மன்றம் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இந்த அறிக்கையில் உறுப்பினர்கள் சிலரின் அனுபவங்கள் வருகின்றன. பெயர் எதையும் குறிப்பிடவில்லை. ஆனாலும் தெருவில் எல்லோரும் எல்லோரையும் அறிவோம் என்பதால், உரியவர்களிடம் அந்தந்தப் பகுதியைப் படித்துக்காட்டி, சம்மதம் பெற்ற பிறகே சேர்த்திருக்கிறேன். ஒரு பெரியவர் இரண்டு வரிகளை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

ஞாயிறு மாலைக் கூட்டங்கள் தெப்பக்குளத்துக்குப் பின்தெருவில் உள்ள அதே மாடி அறையில் நடந்தன. சித்திரைத் திருவிழா, தீபாவளி, தெப்பத் திருவிழா ஆகியவற்றை ஒட்டிய ஞாயிறுகளில் மட்டும் கூட்டம் இல்லை. அனுப்பானடி, முனிச்சாலை, காமராசர் சாலைப் பகுதிகளிலிருந்து வருகிறவர்களே அதிகம். செல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒரு நெசவாளரும் உண்டு. ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறன்று நால்வர்தான் வந்தோம். அன்றைய பேச்சு இரவு ஒன்பதரை வரை நீண்டது.

இனி, இந்த ஆண்டின் முக்கியமான நிகழ்ச்சிக்கு வருகிறேன். அது என் தவறு.

ஆடி மாதக் கூட்டம் ஒன்றில், நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், தன் இளைய மகனோடு ஆறு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை என்று சொன்னார். காரணத்தையும் சொன்னார். சொல்லி முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை" என்றார். யாரும் குறுக்கே பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவருடைய உறவினர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். அப்பாவையும் பிள்ளையையும் எப்படியாவது சேர்த்துவைக்க வேண்டும் என்ற ஆசையில், கேட்டதில் பாதியை அவரிடம் சொல்லிவிட்டேன். மூன்றே நாளில் அது பெரியவரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் மன்றத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

புரட்டாசியில் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்காரச் சொன்னார்; தண்ணீர் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். நல்லது நினைத்துத்தான் செய்தேன் என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எங்கள் ஊர்ப் பாதையில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. என் அம்மா விறகுக்கட்டை அதில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குவாள். கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அந்தக் கல் கேட்டதில்லை. கட்டைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனதும் இல்லை."

சுமைதாங்கியை நம் வட்டாரத்தில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறீர்கள். இரண்டு கல் நட்டு, அதன்மேல் குறுக்கே ஒரு கல் பாவியிருப்பார்கள். ஆள் துணையில்லாமல் தலைச்சுமையை இறக்கவும், மறுபடி ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரம். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவர்கள் வீட்டார் நட்டுவைத்த கற்கள் அவை. இறக்க முடியாமல் போன ஒருத்தியின் பெயரால், வழியில் போகிற யாரோ ஒருவர் இறக்கி வைக்கட்டும் என்று நினைத்தவர்களின் மனம் எப்பேர்ப்பட்டது! நம் மன்றத்தின் வேலை என்ன என்று புதியவர்கள் கேட்டால் அந்தக் கல்லைத்தான் இப்போது சொல்கிறேன்.

பெரியவர் சொன்னதை அடுத்த செயற்குழுவில் அப்படியே வைத்தேன். பொறுப்பிலிருந்து விலகுவதாகவும் சொன்னேன், குழு ஏற்கவில்லை. இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. கூட்டத்தில் கேட்டது அறை வாசலைத் தாண்டக்கூடாது, நல்ல நோக்கத்துக்காகக்கூட. சொன்னவர் கேட்டாலொழிய யாரும் புத்தி சொல்லக்கூடாது. ஒருவர் தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து நேரும் என்று தோன்றும்படி பேசினால் மட்டும், அவரிடமே சொல்லிவிட்டு உதவியை அழைக்கலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை பெறுகிறவரின் விவரங்களைக் காக்கும் கடமையை மருத்துவர்கள்மேல் வைத்திருக்கிறது. நம்மைப் போன்ற ஒரு தெரு மன்றத்துக்கு அப்படியொரு சட்டம் கிடையாது. நாம் கொடுக்கும் வாக்கு ஒன்றுதான் இங்கே வருகிறவர்களுக்குக் காவல்.

பெரியவர் மாசியில் ஒரு ஞாயிறு வந்தார். பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனார். அதன்பின் இன்னும் வரவில்லை.

புத்தி சொல்லாதிருக்கும் விதிதான் நமக்கு மிகவும் கடினமாக இருந்தது. "எல்லாம் சரியாகிவிடும்", "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்", "ஆண்பிள்ளை அழலாமா" ஆகிய மூன்றும் நம் வாயில் தயாராக இருக்கின்றன. சொல்கிறவர் ஆறுதலாகத்தான் சொல்கிறார். கேட்கிறவருக்கோ அதற்குமேல் பேச வழியில்லாமல் போகிறது. இழவு வீட்டில் பெண்களுக்கு ஒப்பாரி இருந்தது. மனக்குறையை, மாமியார் கொடுமையை, பிறந்தவீட்டு ஏக்கத்தை எல்லாம் அதில் கொட்டினார்கள். அதே வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த ஆண்களுக்கு என்ன இருந்தது? மனைவியை இழந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், பதினோரு மாதங்களுக்குப் பிறகு முதன்முறையாக இங்கேதான் அழுதார். அன்று யாரும் "அழாதீர்கள் அண்ணே" என்று சொல்லாமல் இருந்தது, இந்த ஆண்டு நாம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்று கருதுகிறேன்.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பெண்களுக்கான தனிக் கூட்டம் ஆவணியில் தொடங்கியது. அடுப்படி வேலை முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன் கிடைக்கும் நேரம் அதுதான் என்று அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். நான் அதில் கலந்துகொள்வதில்லை. பொறுப்பாளர் எழுதிக்கொடுத்ததைச் சொல்கிறேன். முதல் கூட்டத்தில், வீட்டிலிருந்தபடி மல்லிகை கட்டிக்கொடுக்கும் அம்மா ஒருவர், "கடைசியாக நீங்கள் சுடச்சுடச் சாப்பிட்டது எப்போது?" என்று எல்லோரையும் கேட்டார். ஒருவருக்கும் உடனே பதில் வரவில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை நான்கு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண், பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தபோது என்றார். அவருடைய மகன் இப்போது எட்டாம் வகுப்பு.

அடுத்த வாரம் வரும்போது ஒவ்வொருவரும் வீட்டில் ஒரே ஒரு வேண்டுகோளை வாய்திறந்து சொல்லிவிட்டு வருவது என்று முடிவாயிற்று. "எனக்கும் ஒரு தோசை ஊற்றித் தாருங்கள்" என்று கணவரிடம் கேட்டவர் உண்டு. மாதத்தில் இரண்டு நாள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும்படி நாத்தனாரிடம் கேட்டவர் உண்டு. எல்லாம் நடந்துவிடவில்லை. ஒரு வீட்டில் சண்டையே வந்தது. ஆனால் தன்னைக் கவனித்துக்கொள்வது என்பது தனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லிப் பழகுவதில்தான் தொடங்குகிறது என்று பொறுப்பாளர் எழுதியிருக்கிறார். நான் அதை முழுமையாக ஏற்கிறேன்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஏர்வாடியை நினைவுகூர்ந்தோம். 6.8.2001 அன்று அதிகாலை அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. நம் உறுப்பினர் ஒருவர், அதற்கும் பல ஆண்டுகள் முன்பு மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் பலரும் போகும் ஏர்வாடி தர்காவுக்குத் தன் அண்ணனை அழைத்துப்போன கதையைச் சொன்னார். மதுரையிலிருந்து இராமநாதபுரம் வழியாகப் போன அந்தப் பயணத்தைப் பற்றி, "அக்கம்பக்கத்தில் நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டுப் போனோம். அண்ணனுக்கு என்ன என்று வீட்டிலேயே யாரும் பேசிக்கொள்ளவில்லை" என்றார். இன்றைய சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. வீட்டுக்குள் நிலவும் அந்தப் பேச்சின்மையைச் சட்டத்தால் எடுக்க முடியாது.

வாய்விட்டுப் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு நாற்பது பக்க நோட்டுப் புத்தகங்கள் வழங்கினோம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தூண்டுதல். கல்லூரி மாணவர்கள் நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த நிகழ்ச்சியை எழுதினார்கள். எழுதிய உடனே அவர்கள் மனம் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. செல்லூர் நெசவாளர் நோட்டை நிரப்பிவிட்டார். யாருக்கும் காட்டவில்லை, காட்டச் சொல்லவும் இல்லை. இன்னொரு நோட்டு கேட்டார், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கையையும் பதிவு செய்கிறேன். பேசுவது நல்லது என்பதற்காக யாரையும் பேச வற்புறுத்தக்கூடாது. பேரிடரில் சிக்கியவர்களுக்கான மனநல முதலுதவி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி, நடந்ததைச் சொல்லும்படி நெருக்கக்கூடாது என்றே கூறுகிறது. நாம் மருத்துவர்களும் அல்லர். வாரக்கணக்கில் தூக்கமில்லாதவர்கள், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறவர்கள், காதில் குரல் கேட்கிறவர்கள் ஆகியோருக்கு இந்த அறை போதாது. அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த ஆண்டு மூவருடன் நம் உறுப்பினர்கள் துணைக்குப் போனார்கள். சீட்டு வாங்கும் வரிசையில் கூட நிற்க ஓர் ஆள் இருந்தாலே பாதித் தயக்கம் போய்விடுகிறது. 10.10.2022 முதல் இயங்கும், தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண், தமிழிலும் இருபத்துநான்கு மணி நேரமும் கிடைக்கும். அறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தாவில்தான் நடக்கிறோம், வாடகைக்கும் பருத்திப் பாலுக்கும் போக மீதம் அதிகமில்லை. ஜமுக்காளம் இரண்டு அன்பளிப்பாக வந்தன. அறை உரிமையாளர் இந்த ஆண்டும் வாடகையை உயர்த்தவில்லை. அவருக்கு மன்றம் கடமைப்பட்டிருக்கிறது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு பரிந்துரைகளை வைக்கிறது. பூச்சந்தையில் விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் வர முடிவதில்லை. அவர்களுக்காக மாதம் ஒருமுறை முற்பகல் பதினொரு மணிக் கூட்டம். இரண்டாவது, செயலாளர் உட்படப் பொறுப்பில் இருக்கும் அனைவரும் ஆண்டுத் தொடக்கத்தில் இரகசியக் காப்பு உறுதிமொழியில் பொதுக்குழு முன்னிலையில் கையெழுத்திடுவது. படிவத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்
மதுரை