மொத்தமாகத் தரமாட்டேன்

அன்புள்ள சரவணனுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால் நைட் டூட்டியில் கேட் பக்கம் உட்கார்ந்து, விசிட்டர் நோட்டின் கடைசித் தாள்களைக் கிழித்து இதை எழுதுகிறேன். சூப்பர்வைசர் பார்த்தால் கத்துவார். கத்தட்டும்.

விஷயம் தெரிந்துவிட்டது. உன் காண்ட்ராக்டை நீட்டிக்கவில்லை, இரண்டு மாதமாகப் புனே ரூமிலேயேதான் இருக்கிறாய். உன் தங்கையைத் திட்டாதே, நான் நச்சரித்துத்தான் அவள் வாயைத் திறந்தாள். வேலை போனதற்கு எனக்குக் கோபம் இல்லை. போன 1-ஆம் தேதியும் வழக்கம்போல 6,000 ரூபாய் அனுப்பினாயே, அதற்குத்தான் கோபம். சம்பளம் இல்லாதவனுக்கு ஆறாயிரம் எங்கிருந்து வந்தது? போனில் கடன் கொடுக்கிற ஆப்பா? அப்படி இருந்தால் முதலில் அதை அடை. மற்றதை அப்புறம் பேசலாம்.

நம்ம ஊர் கோலார் தங்கவயலில் தங்கச் சுரங்கத்தை மூடியபோது உனக்கு நாலு வயது. 2001 பிப்ரவரி 28. நூற்றிருபது வருஷம் தோண்டிய இடம். உன் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து இறங்கியது, தாத்தா இறங்கியது, நான் ஃபிட்டராக இருந்தது எல்லாமே அங்கேதான். மறுநாள் காலையில் ஷிப்ட் சங்குக்கு எழுந்திருக்கிற நேரத்தில் எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். எங்கள் லைன் வீடுகள் முழுக்க ஆண்கள் அப்படித்தான் வாசலில் நின்றார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

கணக்கு முடித்துக் கொடுத்தபோது கைக்கு இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அவ்வளவு பணத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. உன் அத்தை கல்யாணத்துக்கு ஒரு பங்கு போயிற்று. ஒரு சீட்டுக்காரரிடம் ஐம்பதாயிரம் கட்டினேன், அவர் ஊரைவிட்டே போய்விட்டார். பழைய ஆட்டோ ஒன்று வாங்கினேன். ஊரில் எல்லாரும் ஆட்டோ வாங்கியிருந்தோம், ஏறுவதற்குத்தான் ஆள் இல்லை. ஒன்றரை வருஷத்தில் எல்லாம் முடிந்தது.

உனக்குச் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்தச் சமயத்தில் பெங்களூர் பீன்யாவில் ஒரு ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். என் கையைப் பார்த்ததும் முதலாளிக்குப் பிடித்துவிட்டது. ஆனால் புது மெஷின் வந்து இறங்க மூன்று மாதம் ஆகும், அதுவரை பொறுத்துக்கொள் என்றார். வீட்டில் மூன்று நாளைக்குத்தான் அரிசி இருந்தது. அந்த வாரமே நம்ம மாரிகுப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பெங்களூரில் கிடைத்த செக்யூரிட்டி வேலையில் சேர்ந்தேன். மாதம் 1,800 ரூபாய். மூன்று மாதம் கழித்து ஒர்க்ஷாப்பிலிருந்து ஆள் அனுப்பினார்கள். அதற்குள் இங்கே முன்பணம் வாங்கியிருந்தேன், விட்டுப் போக முடியவில்லை. கேட் மாறியது, யூனிஃபார்ம் நிறம் மாறியது. இன்றைக்கும் கேட்டில்தான் இருக்கிறேன்.

போன தீபாவளிக்கு வந்தபோது, குடும்பத் தலைவி என்று கர்நாடக அரசு அம்மாவுக்கு மாதாமாதம் போடும் கிருஹலட்சுமிப் பணத்தைப் பார்த்து, "நம்ம வீடும் இலவசத்துல வாழற வீடு ஆயிடுச்சு" என்றாய். அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதில் சொல்ல எனக்கு வார்த்தை வருவதற்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அம்மா கே.ஆர்.புரத்திலேயே மூன்று வீட்டில் வேலை செய்தது உனக்குத் தெரியும். ஒயிட்ஃபீல்டில் கூடுதலாகத் தருவார்கள் என்று எப்போதுமே தெரிந்துதான் இருந்தது. ஆனால் பஸ்ஸுக்கே மாதம் 700, 800 போய்விடும், ஒரு மாதம் அந்த வீட்டில் ஒத்துவராவிட்டால் அதுவும் நட்டம். 2023 ஜூனில் பெண்களுக்கு பஸ் இலவசம் ஆனது. ஆதாரைக் காட்டினால் ஜீரோ டிக்கெட். அதற்கு அப்புறம்தான் அவள் துணிந்து போய்ப் பார்த்தாள். இப்போது இரண்டே வீடு, முன்னைவிட அதிகக் காசு. இடையில் ஒரு வீட்டில் மரியாதை இல்லை என்று நின்றுவிட்டாள். அந்த மாதம் கிருஹலட்சுமி 2,000 இருந்தது, அரிசி இருந்தது. முன்பெல்லாம் இப்படி ஒரு வீட்டை விட்டு நின்றுவர அவளால் முடியுமா?

அரிசி விஷயத்தில் எனக்கு ஒரு தனி அபிப்பிராயம் உண்டு. ரேஷனில் இலவச அரிசி தரும் அன்னபாக்கியத்தில் ஆளுக்குப் பத்துக் கிலோ என்று சொல்லிவிட்டு, அரிசி கிடைக்கவில்லை என்று கூடுதல் ஐந்து கிலோவுக்குக் கிலோ 34 ரூபாய் கணக்கில் தலைக்கு 170 ரூபாய் போட்டார்கள். 34 ரூபாய்க்குப் பெங்களூரில் யார் நல்ல அரிசி தருகிறார்கள்? அந்தப் பணமும் ரீசார்ஜுக்கும் அதற்கும் இதற்கும் போயிற்று. 2025-இல் மறுபடி அரிசியாகவே கொடுக்க ஆரம்பித்தது எனக்குப் பிடித்தது. அரிசி மூட்டையை எந்தச் சீட்டுக்காரரும் கேட்கமாட்டார்.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உன் தங்கைக்கு, படித்து வேலை கிடைக்காதவர்களுக்கு அரசு தரும் யுவநிதி வருகிறது. டிப்ளமோ என்பதால் 1,500, டிகிரி என்றால் 3,000. இரண்டு வருஷத்துக்குத்தான், அதுவும் முடியப் போகிறது. 'எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை' என்று அவளே உறுதிமொழி போட வேண்டும். அதைப் போடுகிற நாளில் அவள் யாரிடமும் பேசுவதில்லை. அந்த 1,500-இல் இன்டர்வியூவுக்குப் போய் வருகிறாள், சரி. போய் உட்காரும் இடத்தில் வேலை இருக்க வேண்டுமே. தங்கவயலை மூடியவர்கள் பதிலுக்கு என்ன கொண்டுவந்தார்கள்? 2001-லிருந்து மாரிகுப்பம் ரயில்தான் எங்கள் ஊருக்கு வேலைவாய்ப்புத் திட்டம். ஆம்பூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிற அத்தைக்காவது கிராமத்து வேலை உறுதிச் சட்டம் இருக்கிறது. நம்மைப் போல டவுனுக்கு வந்தவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் தேசம் முழுக்க இல்லை.

இப்போது உன் சமாச்சாரம். உன் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடித்திருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். 18,000-க்கு உன் பங்கு 0.75 சதவீதம், மாதம் 135 ரூபாய். கம்பெனி பங்கு 3.25 சதவீதம். அது மருந்து வாங்க மட்டும் என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேலை போனவர்களுக்கு அதில் ஒரு திட்டம் இருக்கிறது: அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. வாயில் நுழையாது, எழுதி வைத்துக்கொள். 2018-இல் ஆரம்பித்தது, காலக்கெடு முடிய முடிய நீட்டித்து வந்திருக்கிறார்கள். சராசரி தினக்கூலியில் பாதி, 90 நாள் வரைக்கும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். தப்பு செய்து நீக்கப்பட்டவர்களுக்கும், தானாக விருப்ப ஓய்வு வாங்கியவர்களுக்கும் கிடையாது. நீ இரண்டுமே இல்லை. வேலை போய் 30 நாள் ஆனதும் கேட்கலாம், உனக்கு அறுபது நாள் ஆகிவிட்டது. ஆதார், பேங்க் பாஸ்புக் இரண்டையும் எடுத்துக்கொண்டு அங்கே இருக்கிற கிளை ஆபீஸுக்குப் போய், கெடு இன்னும் இருக்கிறதா, உன் சர்வீஸ் நாட்கள் போதுமா என்று நேரிலேயே கேள். வெட்கப்படாதே. நீ கட்டிய காசு.

கிடைத்தால் மாதம் ஒன்பதாயிரம் போல வரும். உனக்குப் பெரிசாகத் தெரியாது. தொண்ணூறு நாளைக்கு அரிசியைப் பற்றி யோசிக்காமல் வேலை தேடலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். முதலில் கூப்பிடுகிறவனிடம் ஓடாதே. சி.என்.சி. என்கிற கம்ப்யூட்டர் மெஷின் ஓட்டத் தெரிந்த கையை கோடவுனில் மூட்டை எண்ண விடாதே.

வீட்டுக்குப் பணம் அனுப்பாதே. நீ அனுப்பிய 6,000-ஐ அம்மா தொடவில்லை. அதை உனக்கே திருப்பித் தருகிறேன். மொத்தமாகத் தரமாட்டேன், மாதம் இரண்டாயிரமாகத்தான். முதல் இரண்டாயிரத்தை நேற்றே தங்கையை விட்டுப் போடச் சொன்னேன், போனில் பார்.

அப்பா