எண்ணை மட்டும் மாற்றிவிடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. அக்கா பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கைப்பேசி விழுந்து உடைந்துவிட்டது என்று கூட்டாளி போனிலிருந்து செய்தி போட்டிருந்தாய். சரி. அதற்கப்புறம் நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அண்ணன் சனிக்கிழமை கோலாலம்பூர் வருகிறான், அவனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

எந்தப் போன் வேண்டுமானாலும் வாங்கு, எண்ணை மட்டும் மாற்றிவிடாதே. பேங்க், இபிஎஃப், வருமான வரி எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. இன்னும் யார் யாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாயோ, அவர்கள் எப்போது கூப்பிடுவார்களோ. சிம் கம்பெனி பிடிக்காவிட்டால் கம்பெனியை மாற்று. அதே எண்ணோடு மாறுகிற வசதி 2008-லேயே நம் நாட்டில் வந்துவிட்டது. பழைய பில் பாக்கி இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இருந்தால் அண்ணனிடம் சொல், அம்மா கட்டிவிடுகிறேன்.

போன் இலவசம் என்று ஆசை காட்டினால் 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதே. நடுவில் நிறுத்தினால் அபராதம். மாதா மாதம் கட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இப்போதைக்கு வேண்டாம். 35, 40 வெள்ளியில் பிரிபெய்டு போதும். அன்லிமிடெட் என்று போட்டிருந்தால் கீழே இருக்கும் பொடி எழுத்தைப் படி. நெட் வேகத்தை 3, 6 எம்பிபிஎஸ் என்று பிடித்து வைத்திருப்பார்கள், ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு இருக்கும். பகலில் அறையிலேயே லேப்டாப்பில் உட்கார்ந்திருப்பதானால் அதுதான் முக்கியம். டாப் அப் போட மறந்தால் எண் போய்விடும், அதையும் பார்த்துக்கொள்.

உனக்காகக் கொம்தார் பக்கம் ஒரு கடையில் பழைய செட் பார்த்தேன். புதுசு மாதிரிதான் என்றார் கடைக்காரர். திரை மேலே இருக்கும்படி கண்ணாடி மேசையில் வைத்து ஒரு விரலால் தட்டினேன், பம்பரம் மாதிரி சுற்றியது. பின்மூடி ஓரத்தில் நகம் நுழைகிற அளவுக்கு எழும்பியிருந்தது. பேட்டரி ஊதிவிட்டது. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இத்தனை வருஷம் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவளுக்கு அது தெரியாதா? பழையது வேண்டவே வேண்டாம். 2021 கடைசியில் 3ஜியை நிறுத்திவிட்டார்கள், 4ஜியிலேயே பேசுகிற வோல்ட்இ வசதி இல்லாத செட்டில் பேச்சு 2ஜிக்கு இறங்கிவிடும். கடைக்காரர்களே வெளியிலிருந்து இறக்குகிற ஏபி செட்டும் வேண்டாம், விலை குறைவுதான், ஆனால் வாரண்டி அந்தக் கடையோடு சரி. 128 ஜிபி உள்ள சாதாரண 5ஜி போன் போதும்.

நம் குடும்பத்தில் முதலில் கம்ப்யூட்டர் படித்தவன் நீ. போனில் பணம் அனுப்ப எனக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நீ. அக்கம்பக்கத்தில் யாருக்குப் போன் கெட்டாலும் இன்றைக்கும் உன்னைத்தான் கேட்கிறார்கள். அப்படிப்பட்டவன் அந்தக் கூட்டாளி போனில் இரண்டு நிமிஷம் குரல் கொடுத்திருக்கலாம்.

பெரியப்பா மகன் உன்னைச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் பார்த்தானாம். சாப்பிட வந்திருப்பான் என்று சொல்லிவிட்டேன். சைபர்ஜெயா ஆபீஸிலிருந்து அவ்வளவு தூரமா என்று கேட்டான். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது.

புதுப் போனில் பேங்க் செயலியைப் பதிவு செய்ததும் கொஞ்ச நேரம் பணம் அனுப்ப விடாது. மோசடியைத் தடுக்க 2022-ல் மத்திய வங்கி பேங்க் நெகாரா கொண்டுவரச் சொன்ன காத்திருப்பு அது, பயப்படாதே. வீட்டிலிருந்தே வேலை, நல்ல சம்பளம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை மட்டும் நம்பாதே. முன்பணம் கேட்டால் அது திருட்டுத்தான். ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் உடனே மோசடிப் புகாருக்கான 997-க்குப் போன் அடி. பாயான் லெப்பாஸில் எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், விசாரித்துச் சொல்வார்கள். இதையும் சும்மா எழுதி வைக்கிறேன். செந்தூல் அத்தை வீட்டுக்கு நீ போக வேண்டாம், நானும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணனிடம் 800 வெள்ளி கொடுத்திருக்கிறேன், திருப்பித் தர வேண்டாம். அவனைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கு. பில்லைப் பத்திரமாக வை, ஐஎம்இஐ என்கிற போனின் அடையாள எண்ணைத் தனியாக எழுதி வை. அதே எண்ணில் சிம்மைப் போட்டு என்னைக் கூப்பிடு. வேலை முடிந்துதான் பேச வேண்டும் என்றில்லை, காலையிலும் பேசலாம், மத்தியானமும் பேசலாம்.

அம்மா