நின்ற பிறகு வரும் உதிரப்போக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதவிலக்கு நின்று ஓராண்டு, இரண்டாண்டு கழித்து ரத்தம் பட்டால், 'மிச்சம் மீதி வருது' என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விடக்கூடாது.

தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டதாகக் கணக்கு. நம் ஊரில் பெரும்பாலும் 45-இலிருந்து 50 வயதுக்குள் நிற்கிறது. அதன் பிறகு ஒரு சொட்டு பட்டாலும், உள்ளாடையில் பழுப்பாகக் கறை தெரிந்தாலும், மறுநாளே நின்றுபோனாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பலருக்குப் பிறப்புறுப்பின் உள்தோல் உலர்ந்து மெலிந்ததால் வருவதுதான். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பை உள்சவ்வில் புற்றுநோய் இருக்கிறது. ஆரம்பத்திலேயே தெரிந்தால் பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுப்பதோடு குணமாகிவிடும்.

கர்ப்பப்பை வாயைப் பார்த்துவிட்டு, பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுப்பார்கள். உள்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சிறிது சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். ஸ்கேன் சரியாக இருந்தும் மறுபடி ரத்தம் வந்தால், அப்போதும் அந்தப் பரிசோதனை தேவை. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையிலும் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் மகளிர் நலப் பிரிவு இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, ரத்தத்தை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. ரத்தம் நிற்கும், நோய் உள்ளேயே வளரும்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். 45 வயது தாண்டிய பெண்களிடம் இரண்டே கேள்வி சேர்த்துக் கேட்கச் சொல்லி அரசு உத்தரவிட வேண்டும்: கடைசியாக எப்போது வந்தது? நின்ற பிறகு ரத்தம் பட்டதா? ஆண்கள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

நிற்பதற்கு முந்தைய வருடங்களில் மாதவிலக்கு முன்பின் ஆவது இயல்பு. மணிக்கு ஒரு நாப்கின் நனைவதும், கட்டி கட்டியாகப் போவதும், 7 நாளுக்கு மேல் நீள்வதும் இயல்பல்ல. 'இந்த வயசுல அப்படித்தான் கொட்டும்' என்று பொறுத்துப் பொறுத்து, மாடி ஏறினால் மூச்சு வாங்கும் அளவுக்கு ரத்தசோகை வந்த பிறகே பலர் வருகிறார்கள்.

மாதவிலக்கு நிற்கும் காலத்தில் வரும் திடீர் உடல் சூட்டைச் சென்னையில் வெயில் என்றே நினைத்துவிடுகிறோம். வெயில் வேர்வை ஃபேனடியில் அடங்கும். இதுவோ மார்கழி விடியலிலும் வரும். நெஞ்சில் தொடங்கிக் கழுத்து, முகம் என்று ஏறும், சில நிமிடம் வேர்த்துக் கொட்டும், பிறகு குளிரும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால், மூளையில் உடல் சூட்டைச் சீராக வைக்கும் பகுதி சிறு மாற்றத்துக்கே பதறுவதுதான் காரணம். படபடப்பும் எடை குறைவும் சேர்ந்திருந்தால் முதலில் தைராய்டு பாருங்கள்.

தூக்கமே போகும் அளவுக்கு இருந்தால் ஹார்மோன் மாத்திரை நன்றாகவே கேட்கும். 60 வயதுக்குள், நின்று 10 ஆண்டுக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம். கர்ப்பப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்தே தர வேண்டும். ஈஸ்ட்ரோஜனை மட்டும் தந்தால் உள்சவ்வு தடித்துப் புற்றுநோய்க்கு வழியாகும். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத உதிரப்போக்கு இருப்பவர்களுக்கும் இது ஆகாது.

மாதவிலக்கு நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகத் தேயும். நாளொன்றுக்குச் சுமார் 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாது. கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மிகாமல் போட வேண்டும். காலையில் தைராய்டு மாத்திரையோடு கால்சியத்தையும் சேர்த்து விழுங்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அப்படிப் போட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் விட வேண்டும்.

இப்படிக்கு,
மகளிர் நல மருத்துவர்,
புரசைவாக்கம், சென்னை.