படகு தாங்கும் கடலை மனிதர் தாங்குவாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பவளப்பாறைகளைப் பார்ப்பதற்காகக் காலையில் புறப்பட்டு மாலையில் கரை திரும்பும் ஸ்நார்க்கலிங் (கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் அணிந்து, வாயில் வைத்த குழாய் வழியே மூச்சுவிட்டபடி நீரின் மேல் முகம் கவிழ்ந்து மிதப்பது) படகுப் பயணங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. நீரின் நிறமும் மீன்களின் அழகும் அவற்றில் நன்றாகவே சொல்லப்படுகின்றன. கடல் கொந்தளிக்கும் நாளில் அதே பயணம் என்னவாக மாறும் என்பதை மட்டும் யாரும் எழுதக் காணோம். அப்படியொரு நாளில் போய் வந்தவன் என்ற முறையில், படகு நடத்துவோரும் பயணிகளும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் காட்டவே இதை எழுதுகிறேன். இந்தக் கடலில் படகு போகலாமா என்பது ஒரு கேள்வி. போய்ச் சேர்ந்த இடத்தில் மனிதர்களைத் தண்ணீரில் இறக்கலாமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு மட்டும் விடை பெற்றுக்கொண்டு, இரண்டாவதைக் கேட்காமலே பலர் கடலில் இறங்கிவிடுகிறார்கள்.

முதலில் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காற்று 17 முதல் 21 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) வரை, அதாவது மணிக்கு ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், காற்றின் பலத்தை வகைப்படுத்தும் பியூஃபோர்ட் அளவையில் அது 5-ஆம் நிலை. அந்த நிலையில் அலைமுகடுகள் பரவலாக உடைந்து நுரைக்கும். வலுவான எஞ்சினும் அனுபவமுள்ள மாலுமியும் கொண்ட பெரிய படகுக்கு இது அன்றாடக் கடல்தான். அது கவிழ்ந்துவிடும் என்று பயணிகள் அஞ்சத் தேவையில்லை. ஆனால் வானிலை அறிக்கை சொல்லும் அலை உயரத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பது பலருக்குத் தெரியாது. ஒன்றரை மீட்டர் அலை என்று அறிக்கை சொன்னால், எல்லா அலைகளும் அந்த உயரத்துக்குள் அடங்கும் என்பது அதன் பொருள் அல்ல. வந்துபோகும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரியே அந்த எண். ஆறு வினாடிக்கு ஓர் அலை என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 600 அலைகள் வரும். மூன்று மணி நேரம் கடலில் இருப்பவர், சொல்லப்பட்ட உயரத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு உயரமுள்ள அலையொன்றையாவது சந்திக்க வாய்ப்பு உண்டு. உயரம் இரு மடங்கானால் அலையின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. தளத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒரு குலுக்கல். தண்ணீரில் தலை மட்டும் வெளியே தெரிய மிதப்பவருக்கு அது மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம்.

நான் சென்ற படகில், கரையில் இருந்தவரை, கடல் இன்று கொஞ்சம் ஆட்டமாக இருக்கும் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. முகத்துவாரத்தைத் தாண்டியதுமே படகின் அணியம், அதாவது முன்பகுதி, எழுந்து எழுந்து விழத் தொடங்கியது. ஏறத்தாழ ஐந்து வினாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் அசைவே மனிதருக்கு மிக அதிகமாகக் குமட்டலைத் தரும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அன்றைய காற்று எழுப்பிய அலைகளின் இடைவெளியும் ஏறத்தாழ அதுவாகத்தான் இருந்தது. சிறிது நேரத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் காகிதப் பைகளில் முகத்தைப் புதைத்திருந்தார்கள். பாதுகாப்பு விளக்கம் நடந்தது அந்த நேரத்தில்தான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் மாஸ்க்கை உயர்த்திக் காட்டிய பணியாளர், குழாயில் தண்ணீர் புகுந்தால் எப்படி ஊதி வெளியேற்றுவது, உதவி வேண்டுமென்றால் எப்படிக் கையை உயர்த்துவது என்று எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்திச் சொன்னார். அவர் மீது எனக்குக் குறை இல்லை. தன் வேலையை ஒழுங்காகவே செய்தார். ஆனால் கேட்கும் நிலையில் யாரும் இல்லாதபோது சொல்லப்பட்ட விளக்கத்தை விளக்கம் என்று எப்படி ஏற்பது? உடல்நலம் பற்றிய படிவமும் அப்போதுதான் கைக்கு வந்தது. இதய நோய் உண்டா, ஆஸ்துமா உண்டா, வலிப்பு வந்ததுண்டா என்ற வரிகளுக்கு நேராக, முழங்காலில் வைத்த தாள் துள்ளத் துள்ள, படிக்காமலே எல்லோரும் 'இல்லை' என்று குறியிட்டுக் கொடுத்தோம்.

உண்மையான ஆபத்து இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வாந்தி எடுத்தவர் உடலில் நீர் வற்றியிருக்கும், கைகால் தளர்ந்திருக்கும். தண்ணீரில் இறங்கியதும் வெளி அழுத்தத்தால் கால்களிலும் கைகளிலும் உள்ள இரத்தம் மார்புப் பகுதிக்குத் தள்ளப்படுவதால் இதயத்தின் சுமை கூடுகிறது. ஸ்நார்க்கல் குழாயோ ஒவ்வொரு மூச்சையும் சற்றுக் கடினமாக்குகிறது. வெளியே விட்ட காற்றில் ஒரு பகுதி குழாயிலேயே தங்கி அடுத்த மூச்சோடு உள்ளே திரும்புகிறது. ஹவாயில் ஸ்நார்க்கலிங் மரணங்களை ஆராய்ந்தவர்கள், குழாய் வழியே சிரமப்பட்டு மூச்சை இழுப்பதால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் சாத்தியத்தையும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அமைதியான நீரில் நல்ல உடல்நிலையுள்ளவர் இவற்றையெல்லாம் உணர்வதுகூட இல்லை. அலையடிக்கும் நீரில், களைத்துப்போன, வயதான, நீச்சல் அதிகம் பழகாத ஒருவருக்கு இவை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன.

அன்று என்னருகே மிதவைக் கயிற்றைப் பிடித்திருந்த பெரியவர் ஒருவரின் குழாயில் அலை புகுந்தது. ஊதி வெளியேற்ற அவருக்கு மூச்சு இல்லை. வாயிலிருந்து குழாயை எடுத்தார். அடுத்த அலை நேராக முகத்தில் அடித்தது. அவர் கத்தவில்லை, கையை உயர்த்தவில்லை. கயிற்றை இறுகப் பற்றியிருந்த கை தளர்வதுதான் தெரிந்தது. அருகே நீந்திக்கொண்டிருந்த பணியாளர் பார்த்துவிட்டதால் மிதவை வளையம் உடனே வந்து சேர்ந்தது, அவரும் படகேறித் தேறிவிட்டார். மூழ்குபவர் கூச்சலிட்டுக் கைவீசுவார் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. மூச்சுக்குப் போராடும் உடலுக்குக் குரல் கொடுக்கவும் கையசைக்கவும் தெம்பு மிஞ்சுவதில்லை என்பதை அன்று கண்ணெதிரே கண்டேன்.

காவலுக்கு நிற்பவரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். முகம் கவிழ்ந்து, அசைவு குறைந்து மிதப்பதுதான் ஸ்நார்க்கலிங் செய்பவரின் இயல்பான தோற்றம். நினைவிழந்தவரின் தோற்றமும் அதுவே. அமைதியான நாளில்கூட இந்த இரண்டையும் பிரித்தறியக் கூர்ந்த கவனம் வேண்டும். அலை எழும் நாளிலோ ஒவ்வொரு தலையும் சில வினாடி மறைந்து சில வினாடி தெரிகிறது, வெயில் பட்ட நுரை கண்ணைக் கூச வைக்கிறது. இந்நிலையில் தண்ணீரில் இருப்போரின் எண்ணிக்கையைப் பாதியாகவேனும் குறைக்காமல், காவலரையும் கூட்டாமல், வழக்கம்போல எல்லோரையும் ஒரே நேரத்தில் இறக்குவதை ஏற்க முடியாது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளப்பாறைத் தொடரில் 1998 ஜனவரி 25 அன்று முக்குளிப்பவர் இருவரைக் கடலிலேயே விட்டுவிட்டு ஒரு படகு கரை திரும்பியது. அவர்கள் இல்லை என்பது இரண்டு நாள் கழித்தே தெரிந்தது, அவர்கள் கிடைக்கவே இல்லை. அதன் பிறகு, அந்தப் பாறைத்தொடரை ஒட்டியுள்ள குயின்ஸ்லாந்து மாநிலத்தில் தலைக்கணக்கு எடுப்பதற்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. வயதாலோ நோயாலோ ஆபத்து அதிகமுள்ளவர்களை முன்கூட்டியே கண்டறிந்து, அவர்களுக்குத் தனியாக அடையாளம் தெரியும்படி மிதவை அணிவித்து, துணையுடன் மட்டும் நீரில் இறக்க வேண்டும் என்றும் அங்கே விதி இருக்கிறது. இவற்றில் எதற்கும் அரிய தொழில்நுட்பம் தேவையில்லை. மனிதர்களும் நேரமும்தான் தேவை.

படகு நடத்துவோர் இதற்குச் சொல்லும் பதிலிலும் நியாயம் உண்டு. பயணம் குலுக்கலாக இருந்தாலும் பாறைக்குப் பின்புறம் நீர் அடங்கித்தான் இருக்கும் என்பார்கள். பவளப்பாறை ஓர் இயற்கையான அலைதடுப்பு என்பதில் ஐயமில்லை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான கட்டுரையொன்று, பாறைகள் அலை ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைத் தணித்துவிடுகின்றன என்று கணக்கிட்டது. ஆனால் இந்தத் தடுப்பு நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறும்போது பாறைக்கு மேலே நீர் ஆழமாகி, உடையாத அலைகள் உள்ளே வந்துவிடுகின்றன. ஓதம் வற்றும்போது ஆழம் குறைந்து, வரும் அலை மனிதரைத் தூக்கிப் பவளத்தின் மேலேயே வீசுகிறது. இதைவிட முக்கியமானது நீரோட்டம். பாறையைத் தாண்டி உள்ளே கொட்டும் நீர் எங்காவது வெளியேறியாக வேண்டும். அது பாறைகளுக்கு இடையே உள்ள கால்வாய்கள் வழியாக வெளியேறுகிறது. வெளியே அலை எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகம் அந்த நீரோட்டத்துக்கு உண்டு. மேற்பரப்பு அமைதியாகத் தெரியும் இடத்தில், மீன் பார்த்தபடியே தலையைக் கவிழ்த்து மிதப்பவர், தாம் இழுத்துச் செல்லப்படுவதை நிமிர்ந்து பார்க்கும்போதுதான் அறிகிறார். படகுக்குத் திரும்ப நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வேண்டியிருக்கும். ஆகவே மறைவான இடம் இருக்கிறது என்று சொன்னால் போதாது. எந்த ஓதத்தில், எந்தத் திசைக் காற்றுக்கு அது மறைவு என்பதையும் மாலுமி பயணிகளுக்குச் சொல்ல வேண்டும்.

பாறையின் பக்கமும் ஒரு வழக்கு இருக்கிறது. கிளைவிடும் பவள வகைகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரையோ அதற்குச் சற்று மேலாகவோ வளரும். பாறைபோல் திரண்டிருக்கும் வகைகளுக்கு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டரே பெரும்பாடு. அலை தூக்கிப்போடும்போது பீதியடைந்தவர் முதலில் செய்வது காலை ஊன்ற இடம் தேடுவதுதான். அந்தக் கால் பவளத்தின் மேல்தான் படுகிறது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; உயிர்ப்பயத்தில் இருப்பவரிடம் பவளத்தைத் தொடாதே என்று சொல்வதில் பொருளில்லை. ஆனால் அன்று என் கண்ணுக்கு எதிரே, நீந்துவதற்காகக் காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ் பட்டு உடைந்து விழுந்த கிளைகளின் முறிவு, சுண்ணாம்பாக வெள்ளைவெளேரென்று தெரிந்ததை என்னால் மறக்க முடியவில்லை. இத்தனைக்கும் அன்று பார்க்கக் கிடைத்தது மிகக் குறைவு. மணல் கலங்கியிருந்ததால் கையெட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாம் மங்கல். கடல் வெப்பமடைவதால் பவளங்கள் அடுத்தடுத்து நிறமிழந்து வெளுத்துப்போகின்றன; உலக அளவிலான நான்காவது வெளுப்பு நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட பவளங்களின் மேல், கலங்கிய நீரில் ஒன்றும் தெரியாமல் தடுமாறும் கூட்டத்தையும் சுமத்துவதால் எவருக்கும் நன்மையில்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் படகுகள் ஏன் புறப்படுகின்றன என்று கேட்டால், விடை பணத்தில் இருக்கிறது. பயணத்தை நிறுவனம் ரத்து செய்தால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். பயணி தானே விலகினால் தர வேண்டியதில்லை. நான் சென்ற பயணத்தின் நிபந்தனையும் இதுவே. இதனால் நிறுவனம் ரத்து செய்யத் தயங்குகிறது, பயணியும் கட்டிய பணம் வீணாகக் கூடாதென்று ஏறிவிடுகிறார், தூர தேசத்திலிருந்து இதற்கென்றே வந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். இறங்கும் இடத்திலும் இதே மனநிலை தொடர்கிறது: இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தாயிற்று, இறங்காமல் திரும்புவதா என்று. உடல் வேண்டாம் என்று சொல்வதைப் பணம் கேட்க விடுவதில்லை.

குறிப்பிட்ட காற்று வேகத்துக்கும் அலை உயரத்துக்கும் மேல் அன்றைய அறிக்கை இருந்தால், காரணம் சொல்லாமலே விலகி முழுக் கட்டணத்தையும் பெறும் உரிமை பயணிக்கு வேண்டும். அந்த எல்லை எது என்பது பயணச்சீட்டிலேயே அச்சிடப்பட வேண்டும். பாதுகாப்பு விளக்கமும் உடல்நலப் படிவமும் படகு கட்டுத்துறையில் நிற்கும்போதே முடிய வேண்டும். பாறையை அடைந்ததும், வாந்தி எடுத்தவர்கள் தண்ணீர் குடித்து ஓய்வெடுக்க நேரம் கொடுத்த பிறகே, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு இறக்க வேண்டும். குமட்டலுக்கான மாத்திரைகள் வாந்தி தொடங்கிய பிறகு அதிகம் பயன்படாது, புறப்படுவதற்கு முன்பே எடுக்க வேண்டும், அவற்றில் பல தூக்கக் கலக்கத்தையும் தரும் என்பதை முன்பதிவின்போதே தெரிவித்தால், மருத்துவரைக் கேட்டு முடிவெடுக்கப் பயணிக்கு அவகாசம் கிடைக்கும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பவளப்பாறைப் பயணம் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, அந்தக் கடலில் எந்த மாதங்களில் காற்று பலமாக இருக்கும், அலை அறிக்கை எங்கே கிடைக்கும், அதை எப்படிப் படிப்பது, விலகினால் பணம் திரும்புமா என்ற விவரங்களையும் படங்களுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்