ஜப்பானின் சுகுபாவிலிருந்து கடலூருக்கு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் வைரம் செய்கிறேன் என்று பெரிய அத்தை திருப்பாதிரிப்புலியூர் முழுவதும் சொல்லிவைத்திருப்பதையும், தமக்கொரு மூக்குத்தி வேண்டுமென்று கேட்டிருப்பதையும் படித்துச் சிரித்தேன். நான் வளர்ப்பது சிலிக்கன் வில்லையின் மேல் படியும் மெல்லிய வைரப் படலம். ஒரு மணி நேரத்தில் ஒரு மைக்ரான் வளர்ந்தால் எங்களுக்குத் திருப்தி. அது தலைமுடியின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது.

வேலை எப்படிப்பட்டது என்று அப்பா கேட்டிருந்தீர்கள். காற்றை வெளியேற்றிய கலத்துக்குள் நூற்றுக்கு 99 பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு மீத்தேனும் செலுத்தி, மைக்ரோவேவ் பாய்ச்சி, மின்னேறி ஒளிரும் வாயுவாக, அதாவது பிளாஸ்மாவாக, ஆக்குகிறோம். மீத்தேனிலிருந்து பிரியும் கரி, பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டாகப் படியவே பார்க்கும். அதை ஹைட்ரஜன் அணுக்கள் அரித்துத் தின்றுவிட்டு வைரத்தை விட்டுவைப்பதால்தான், பூமியின் ஆழத்து அழுத்தம் எதுவும் இல்லாமல், ஏறக்குறைய 800 டிகிரி வெப்பத்திலேயே இது கைகூடுகிறது. வெறும் சிலிக்கனில் வைரம் எளிதில் பிடிக்காது. அம்மா பாலில் உறைமோர் விடுவதுபோல, நுண்ணிய வைரத் தூளை முதலிலேயே பூசிவிட வேண்டும். ஆறும்போது சிலிக்கன் வைரத்தைவிட அதிகம் சுருங்குவதால் வில்லை வளையும், சில வேளை படலமே உரிந்துவிடும். இப்படி வாயுவிலிருந்து வைரம் வளர்க்கலாம் என்று ருஷ்யர்கள் முன்பு சொன்னதைப் பலர் நம்பாதிருக்க, ஜப்பானிய ஆய்வாளர் மட்சுமோட்டோவும் உடனிருந்தவர்களும் 1982-இல் சூடான கம்பியைக் கொண்டு வைரம் வளர்த்து வெளியிட்டது இதே ஊரில்தான். செம்பைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பத்தைக் கடத்தும் என்பதால், சூடேறும் மின்னணுச் சாதனங்களுக்கு இது வேண்டியிருக்கிறது.

ஹைட்ரஜன் என்றதும் அம்மா பயப்பட வேண்டாம். கசிந்தால் கருவியே வாயுவை அடைத்துவிடும். மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்றுதான் தோலை வெடிக்க வைக்கிறது. மாலை வேளைகளில் ஆய்வகம் வெதுவெதுப்பாக இருப்பதால் அங்கேயே தங்கிவிடுகிறேன், அறையில் ஹீட்டர் போட வேண்டிய தேவையே வருவதில்லை. மாடிவீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தையும் பேசாமல் செய்தித்தாளில் சுற்றிய முள்ளங்கியைக் கதவருகே வைத்துவிட்டுப் போகிறார். கொடுத்தனுப்பிய புளி தீரும்வரை சாம்பாருக்குக் குறைவில்லை. ஆனாலும், கலத்தின் சாளரத்தில் அந்த ஊதா ஒளியையே பார்த்துக்கொண்டிருக்கும் இரவுகளில், மார்கழி விடியலில் பாடலீசுவரர் கோயில் மணி கேட்ட திண்ணையில் அப்பாவின் பக்கத்தில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் போதும் என்றிருக்கிறது.

பாப்பாவின் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீட்டார் திடீரென்று காதுக்கு வைரத் தோடு கேட்பதற்கு அத்தையின் பேச்சே காரணமாக இருக்கும். என் படிப்புதவித்தொகை இன்னதென்று சித்தப்பாவை விட்டே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். யென் மதிப்பு இறங்கியதால் இம்மாதம் அனுப்பியது சற்றுக் குறைவு, வேறொன்றுமில்லை. தோட்டுக்காகப் பண்ருட்டி முந்திரித் தோப்பை விற்க வேண்டாம்; முதலில் பட்டாவை அப்பா பெயருக்கு மாற்றுங்கள். கல்யாணத்தைத் திருவந்திபுரத்தில் தையில் வைத்தால் செலவும் அடங்கும், எனக்கும் விடுப்புக் கேட்க அவகாசம் இருக்கும். முகூர்த்த நாள் முடிவானதும் எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகன்