கயலுக்கு: அந்தத் துணி மடிப்பைத் தொடுவதற்கு முன்

அன்புள்ள கயல்,

ஓர் ஓவியத்தைச் சீரமைக்கும் வேலையை முழுதாக உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. கான்வாஸ் மேல் எண்ணெய் வண்ணம், தேன் நிறமாகக் கறுத்த வார்னிஷ், கீழ் ஓரத்தில் உதிர்ந்த இடங்கள், நடுவே பின்னாளில் யாரோ தீட்டியது போலத் தெரியும் ஒரு துணி மடிப்பு. "எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அழகாக வரும்மா" என்று எழுதியிருக்கிறாய். வரும். ஆனால் எடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை கண்ணு. அதனால்தான் இந்தக் கடிதம் நீளுகிறது.

அந்தத் துணி மடிப்பிலிருந்தே தொடங்குகிறேன். ஃப்ளோரன்ஸில் மைக்கேலாஞ்சலோ குடும்பத்தின் வீடான காசா புவோனரோட்டியின் கூரையில், ஆர்டெமிசியா ஜென்டிலெஸ்கி என்ற பெண் ஓவியர் 1616 வாக்கில் தீட்டிய ஒரு பெண்ணுருவம் இருக்கிறது. நிர்வாண உருவம். சில பத்தாண்டுகள் கழித்து அந்தக் குடும்பமே வோல்டெர்ரானோ என்ற ஓவியரைக் கொண்டு அதன்மேல் துணியும் திரையும் தீட்டி மறைத்தது. 2022இல் ஓவியச் சீரமைப்பாளர் எலிசபெத் விக்ஸ் தலைமையில் அதைக் கீழிறக்கிச் சுத்தம் செய்தார்கள். எக்ஸ்ரே, அகச்சிவப்புப் படங்களில் அடியிலிருந்த கோடுகள் தெரிந்தன. இருந்தும் துணியை எடுக்கவில்லை. மேல் வண்ணம் தடித்த எண்ணெய் அடுக்கு. அடி வண்ணத்துக்கும் அதற்கும் வயது வித்தியாசம் குறைவு. மேலதைக் கரைக்கும் திரவம் கீழதையும் கரைத்துவிடும். மறைத்த கையும் பெயர் பெற்ற ஓவியரின் கைதான். அதுவும் அந்த ஓவியத்தின் வரலாறு. ஆகவே அடியில் இருந்ததைக் கணினியில் மட்டும் மீட்டுக் காட்டினார்கள். எடுக்கத் தெரிந்தவர்கள் எடுக்காமல் நின்றதைத்தான் அந்த வேலையின் சிறப்பாக நான் நினைக்கிறேன்.

உன் மடிப்பு எந்த வகை என்று தெரிய வேண்டுமானால் குறுக்குவெட்டு பார். ஏற்கெனவே உதிர்ந்த இடத்தின் விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்கு போதும். பாலியெஸ்டர் பிசினில் பதித்து, உறைந்ததும் தேய்த்து மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார். மடிப்பின் வண்ணத்துக்கும் அடி வண்ணத்துக்கும் நடுவே வார்னிஷோ அழுக்கோ கோடாகத் தெரிந்தால், இரண்டுக்கும் நடுவே காலம் ஓடியிருக்கிறது என்று பொருள். எதுவுமே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால், மூல ஓவியரே தன் மனதை மாற்றிக்கொண்டு தீட்டியதாக இருக்கலாம், அப்போது தொடாதே. இந்த முறையை ஒழுங்குபடுத்தித் தந்தவர்களில் முக்கியமானவர் ஜாய்ஸ் பிளெஸ்டர்ஸ். 1949இல் லண்டன் நேஷனல் கேலரியில் சேர்ந்தவர். 1956இல் அவர் எழுதிய கட்டுரையின் வழியில்தான் இன்றும் துணுக்கை வெட்டுகிறோம்.

இனி வார்னிஷ். அறையை இருட்டாக்கி, விளக்கைப் பக்கவாட்டில் 10 முதல் 20 டிகிரி சாய்வில் வை. தூக்கிக்கொண்டு நிற்கும் செதில்கள் நிழல் விழுந்து தெரியும். அவற்றின் மேல் பஞ்சு படவே கூடாது. மெல்லிய ஜப்பானியத் தாளை வைத்து, வெதுவெதுப்பான ஸ்டர்ஜன் மீன் பசையை 2-3% அளவில் தூரிகையால் விட்டு முதலில் படியவை. அடுத்து புற ஊதா விளக்கு. பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சையாக ஒளிரும். அதற்கு மேல் கறுத்த திட்டுகள் தெரிந்தால் அவை பிந்திய தீட்டல்கள்.

சோதனைக்குச் சட்டத்துக்குள் மறையும் ஓரத்தில் 5 மில்லிமீட்டர் சதுரம் போதும். மூங்கில் குச்சியில் பஞ்சை நீயே சுற்று. உருட்டு, தேய்க்காதே, தேய்த்தால் அழுக்கில் உள்ள மணல் துகளே உப்புத்தாள் ஆகிவிடும். முதலில் மேலே படிந்த தூசும் புகையும் போக வேண்டும். அதற்கு அயனி நீக்கிய நீர், பிறகு எச்சில். முகம் சுளிக்காதே. பழைய பட்டறைகளில் எல்லோரும் ரகசியமாகச் செய்து வந்ததை போர்ச்சுகலில் பாவ்லா ரொமாவும் அடிலியா அலர்காவும் செசார் வியானாவோடு சேர்ந்து சோதித்து 1990இல் எழுதினார்கள். எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதிதான் வேலையைச் செய்கிறது என்று காட்டினார்கள். 2018இல் அதற்கு, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் விருதைக் கொடுத்து உலகம் சிரித்தது. அலட்டிக்கொள்ளாமல் நாம் பஞ்சை நனைத்துக்கொண்டிருக்கிறோம். உணவு உண்ட கையோடு செய்யாதே, துடைத்த இடத்தை நீரால் மறுபடி துடை, ஒரு முறை அழுக்கேறிய பஞ்சை வாய்ப்பக்கம் கொண்டுபோகாதே. வார்னிஷ் இல்லாத மங்கிய பரப்பில் எச்சிலும் வேண்டாம், நீரும் வேண்டாம்.

வார்னிஷைக் கரைக்க ஐசோஆக்டேனில் 10% எத்தனால் கலந்து தொடங்கு. அசையாவிட்டால் 20, பிறகு 30. ஒவ்வொரு தடவையும் புதுப் பஞ்சு. பஞ்சில் மஞ்சள் ஏறினால் அது வார்னிஷ். ஓவியத்தின் சிவப்போ நீலமோ ஏறினால் அந்த நொடியே நிறுத்து. குறிப்பாக அடர் பழுப்பையும் கறுப்பையும் நம்பாதே, முதலில் கரைவது அவைதான். முழு வார்னிஷையும் எடுத்தே ஆக வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. மெலியவைத்து விடுவதும் ஒரு முடிவு.

உதிர்ந்த இடங்களை எப்படி நிரப்புவது என்று கேட்டிருந்தாய். இதில் மூன்று பெண்களின் வேலையைப் படங்களில் பெரிதாக்கி, பொறுமையாகப் பார். ரோமில் லாரா மோரா, கணவர் பாவ்லோவோடும் செசாரே பிரான்டியோடும் சேர்ந்து வளர்த்தெடுத்த டிராட்டெஜியோ: நீர்வண்ணத்தில், ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நீளமான நேர் கோடுகள். தள்ளி நின்றால் படம் முழுசாகத் தெரியும், கிட்டே வந்தால் கோடு தெரியும், பொய் இல்லை. 1966 நவம்பர் 4 ஃப்ளோரன்ஸ் வெள்ளத்தில், சிமாபுவே என்ற பழைய ஓவியர் தீட்டிய மரச் சிலுவை வண்ணத்தின் பெரும்பகுதியை இழந்தது. அங்கே எதை வைத்துக் கோடு போடுவது? ஒர்னெல்லா கசாட்சா உருவத்தை ஊகிக்க மறுத்தார். மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு என்று நான்கு நிறச் சிறு கோடுகளைப் பின்னி, மிஞ்சியிருந்த வண்ணத்தோடு சண்டைபோடாத ஒரு பரப்பை உண்டாக்கினார். மூன்றாமவர் பினின் பிரம்பில்லா பார்ச்சிலோன். மிலானில் லியனார்டோவின் 'கடைசி விருந்து' சுவரோவியத்தோடு 1999 வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். லியனார்டோ ஈரச் சுண்ணத்தில் தீட்டாமல் உலர்ந்த சுவரில் தீட்டியதால் அது சீக்கிரமே உதிரத் தொடங்கியது. பின்வந்தவர்கள் மேலே மேலே தீட்டினார்கள். பினின் நுண்ணோக்கி வழியே அதையெல்லாம் நீக்கி, மூலம் இல்லாத இடத்தில் மங்கிய நீர்வண்ணம் மட்டும் வைத்தார். முகம் காணாமல் போன இடத்தில் முகம் வரையவில்லை.

உன் ஓவியத்தில் இழப்பு சிறியது. சுண்ணப்பொடியும் விலங்குப் பசையும் சேர்த்த நிரப்பியை வண்ண மட்டத்துக்குச் சற்றுத் தாழ வை. விளிம்பில் வழிந்ததை ஈரத் தக்கையால் துடை. மூல வண்ணத்தின் மேல் ஒரு துளிகூடப் போகக் கூடாது. மெல்லிய வார்னிஷ் பூசிய பிறகே நிறம் தொடு, அப்போதுதான் வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் நாளைக்கு அதை மட்டும் எடுக்க முடியும். பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினைப் பயன்படுத்தினால் அது 40 டிகிரியில் இளகத் தொடங்கும் என்பதை மறக்காதே. வெயில் ஏறும் கிடங்கில் ஒட்டிய பொருள் மெல்லச் சரியும்.

எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து இல்லை என்பதற்கு புர்கினா ஃபாசோவின் டியபெலேயைச் சொல்வேன். 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அரண்மனை வளாகம் அது. கசேனா பெண்கள் சிவப்பு மண், வெண்களிமண், கிராஃபைட் கொண்டு சுவரைத் தீட்டி, கல்லால் மெருகேற்றி, நெரே மரத்தின் காய்த்தோலைக் கொதிக்கவைத்த சாற்றைப் பூசுகிறார்கள். மழை அரித்தால் மறுபடி தீட்டுகிறார்கள். மறுபடி தீட்டுவதுதான் அங்கே பேணுதல். நம் அக்ரிலிக் பிசினை அந்தச் சுவரில் பூசினால் ஈரம் உள்ளே சிக்கி மண்ணையே செதிலாகத் தள்ளிவிடும்.

உடம்பைப் பற்றி ஒன்று, இதில் நான் கண்டிப்பு. டைமெத்தில்ஃபார்மமைடு, என்-மெத்தில்பைரோலிடோன் என்ற கரைப்பான்கள் இரண்டும் கருவைப் பாதிப்பவை. இரண்டுமே தோல் வழியாகவே இறங்கும். லேட்டெக்ஸ் கையுறை முன்னதைத் தடுக்காது, நைட்ரைலும் சில நிமிடங்கள்தான். பியூட்டைல் ரப்பர் வேண்டும். டாலுயீனும் வேண்டாத ஆள்தான். "இத்தனை வருஷமா இதைத்தான் பயன்படுத்துகிறோம்" என்று யாராவது சொன்னால் வேறு கலவையைக் கேள். சாதாரண முகமூடி ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ளதை அணிந்து, வடிகட்டிகளைக் கையால் மூடி மூச்சை இழு. முகமூடி முகத்தோடு ஒட்டி 10 விநாடி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அளவு பெரிது. சிறிய அளவை வாங்கித் தரச் சொல், கூச்சப்படாதே.

கடைசியாகப் பதிவேடு. இயேசுவின் உடலைச் சுற்றியதாகப் பலர் நம்பும் டூரின் சவத்துணியில் 1532 தீயில் பொசுங்கிய இடங்களுக்கு 1534இல் சாம்பெரி கன்னியாஸ்திரிகள் ஒட்டுத்துணி தைத்தார்கள். 2002இல் துணிச் சீரமைப்பாளர் மெக்டில்ட் ஃப்ளூரி-லெம்பெர்க் அந்த ஒட்டுகளைப் பிரித்து எடுத்தார். அடியில் கரித்தூள் சேர்ந்து துணியை அரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கன்னியாஸ்திரிகளும் வேலை தெரிந்தவர்கள்தான், துணி அவ்வளவு காலம் தாங்கியதற்கு அவர்கள் ஊசியும் ஒரு காரணம். தையலை ஊன்றிப் பார்த்தால் அந்தக் கைகள் தெரியும். நீ அப்படி ஊகத்துக்கு விடாதே. "பிசின் பூசப்பட்டது" என்று எழுதாதே. "பாராலாய்டு பி-72, அசிட்டோனில் 5%, எடை/கன அளவு, இடது கீழ் மூலை, இரு பூச்சு, தேதி" என்று எழுது. அளவுகோலும் நிறப்பட்டையும் வைத்து முன், நடு, பின் படங்கள். செய்யாமல் விட்டதையும், ஏன் விட்டாய் என்பதையும் எழுது. துணி மடிப்பை விட்டுவிட்டால் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கு. சோதனைச் சதுரங்களின் வரைபடமும் வேண்டும்.

கீழே "குழு" என்று போடாமல் உன் முழுப் பெயரைப் போடு. குறுக்குவெட்டுப் படம் வந்ததும் எனக்கு அனுப்பு, மடிப்புக்குக் கீழே கோடு இருக்கிறதா என்று சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா