பித்த உடம்பு

மியூனிக்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

சென்ற வாரம் ஜெர்மன் வகுப்பில் அவரவர் இயல்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மனிதருக்குப் பிறவியிலேயே அமைந்த மனப்போக்கை இங்கே ‘டெம்பராமென்ட்’ என்கிறார்கள். சட்டென்று சினந்து விழுகிறவர் ‘கோலெரிக்கர்’. அதாவது பித்தம் மிகுந்தவர் என்று ஆசிரியை விளக்கியதும், “உனக்குப் பித்த உடம்புடா” என்று சொல்லிப் பாட்டி என் தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்தது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன்.

‘டெம்பராமென்ட்’ என்ற இலத்தீன் வழிச் சொல்லுக்கு அளவாகக் கலந்த கலவை என்பதே பழைய பொருள். காய்ச்சல் பார்க்கும்போது நாம் சொல்லும் ‘டெம்பரேச்சர்’ என்பதும் அதே வேரில் கிளைத்ததுதான். இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கும் உடலில் கலந்திருக்கும் அளவைப் பொறுத்தே ஒருவருடைய நலமும் குணமும் அமைகின்றன என்று கிரேக்க மருத்துவர்கள் கருதினார்கள். இன்று துருக்கியில் உள்ள பெர்காமாவில் பிறந்து, இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் அந்தக் கலவையைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர் கையாண்ட கிரேக்கச் சொல் ‘கிராசிஸ்’. அக்காலத்துக் கிரேக்கர் மதுவில் நீர் கலந்தே குடித்ததால், இன்றும் அவர்கள் மொழியில் மதுவுக்கு ‘கிராசி’ என்று பெயர். (நான் குடிப்பதில்லை, அம்மா கவலைப்பட வேண்டாம்.) ‘மெலன்கோலி’ என்ற சோர்வுக்கும் நேர்ப்பொருள் கரும்பித்தம்தான். அப்படியொரு நீர் உடலில் இல்லவே இல்லை என்று தெரிந்த பிறகும் சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள பழைய ஓவியக்கூடத்துக்குப் போனேன். ஜெர்மன் ஓவியர் டியூரர் 1526-இல் வரைந்த நான்கு திருத்தூதர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்த நால்வரும் நான்கு இயல்புகளைக் குறிப்பதாக, அப்படத்தின் அடியில் எழுத்துகளைத் தீட்டிய நாய்டோர்ஃபரே பின்னர் எழுதிவைத்திருக்கிறார். சிவப்பும் வெள்ளையுமாக அங்கி அணிந்து நிற்பவர்களை விட்டுவிட்டு, பின்னாலிருந்து கண்ணை உருட்டிப் பார்க்கும் மாற்குவின் முன்தான் நெடுநேரம் நின்றேன்; கோபத்தில் அச்சு அசலாகச் சித்தப்பாவின் முகம்.

வள்ளுவர் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்கிறார். நம் கணக்கில் வளி உண்டு. இவர்கள் கணக்கில் அது இல்லை, இரத்தம் இருக்கிறது. பித்தமும் கபமும் இரண்டு கணக்கிலும் இருக்கின்றன. ஆனால் பித்தம் மிகுந்தவனை இவர்கள் கோபக்காரன் என்கிறார்கள், நாம் பித்தன் என்கிறோம், ஈசனையும் சேர்த்து.

பரணில் இருக்கும் தாத்தாவின் வைத்தியக் குறிப்பேட்டில் நாடி பற்றிய பக்கங்களைத் தம்பியிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்புங்கள். ஆசிரியையிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் அன்பு மகன்